முயலும் மூஞ்சூறும் எலி இனமா?

“முயல், அணில், மூஞ்சூறு மூன்றும் எலியின் வகைகளே” என்று வாட்ஸ்அப்பில் பகிரப்படும் செய்தியில் அணிலைப் பற்றிய பகுதி மட்டுமே ஓரளவு சரி.

அணில் எலியின் வகை அல்ல என்றாலும், எலியைப் போலவே கொறித்துண்ணிகள் என்னும் வரிசையை (விலங்கு வகைப்பாட்டில் ஒரு பெரும்பிரிவு) சேர்ந்தது. 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிவியலாளர் லின்னேயஸ் முயலையும் எலியோடுதான் சேர்த்திருந்தார் என்பதால், அந்தக் குழப்பம் பழையது, புரிந்துகொள்ளக்கூடியதும்கூட. ஆனால் எலிக்கு மேல்தாடையில் இரண்டே வெட்டுப்பற்கள். முயலுக்கோ முன்னிரண்டுக்குப் பின்னால் சிறிய இரண்டு ஒளிந்திருக்க, மொத்தம் நான்கு. இதுபோன்ற வேறுபாடுகளால் 1912-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் கிட்லி, முயலையும் அதன் சிறிய உறவினமான பைக்காவையும் லாகோமார்பா என்னும் தனி வரிசையாகப் பிரித்தார். அவ்வரிசை கொறித்துண்ணிகளின் நெருங்கிய உறவே தவிர, அவற்றில் ஒன்றன்று.

மூஞ்சூற்றின் நிலை முற்றிலும் வேறு. பூச்சிகளைத் தின்று வாழும் அதற்குக் கொறிக்கும் உளிப்பற்கள் இல்லை. அதன் உறவினர்கள் முள்ளெலியும் அகழெலியும்; பெயரில் எலி இருந்தாலும் அவையும் எலிகள் அல்ல. 2001-இல் வெளியான மரபணு ஒப்பீடுகள், கொறித்துண்ணிகளையும் முயல்களையும் மனிதன் உள்ளிட்ட முதனிகளோடு ஒரே பெருங்குழுவில் சேர்த்து, மூஞ்சூற்றை வௌவால், நாய், பசு ஆகியவை அடங்கிய மற்றொரு பெருங்குழுவில் வைத்தன. அதாவது வீட்டு எலிக்கு மூஞ்சூற்றைவிட நாமே நெருங்கிய உறவு! பாடப்புத்தகங்களில் இது இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

அமெரிக்கப் பாலூட்டியியல் சங்கத்தின் இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இனத்தின் வரிசையையும் எவரும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைத் தெரிவியுங்கள்.