முதலில் பில்லைப் பாஸ் பண்ணுங்கள், அப்புறம் தரம் பேசலாம்

நேற்றிலிருந்து எல்லோர் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நானும் பார்த்துத் தொலைத்தேன். எது என்று விளக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். கோட்டு போட்ட அந்தப் பெரிய மனிதர் மேடையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, உள்ளூர் சப்ளையர்களை வளர்க்க எண்ணெய்க் கம்பெனிகள் தயார், அவர்கள்தான் தரத்துக்குத் தயாராக இல்லை என்கிறார். கூட்டம் தலையாட்டுகிறது. கைதட்டல் வேறு. அதை "கசப்பான உண்மை" என்று பகிர்ந்தவர்கள் நாலைந்து பேர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

எண்ணெய் வயலுக்கு வேலை செய்யும் சின்ன லேத் பட்டறை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். உள்ளூர் சப்ளையர் காணாமல் போவதற்கு முதல் காரணம், செய்த வேலைக்குப் பணம் நேரத்துக்கு வராதது. இரண்டாவது காரணமும் அதேதான். மூன்றாவதாக வேண்டுமானால் தரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தரம், தரம் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? கிணற்றுக்குள் இறங்கும் ஒரு பைப்புக்கு மரை வெட்டுகிறோம் என்று வையுங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அதாவது ஏ.பி.ஐ., சொல்லும் அளவில் வெட்ட வேண்டும். அதைச் சரிபார்க்க ரிங் கேஜ், பிளக் கேஜ் வேண்டும். அந்த கேஜ்கள் அளவு தவறவில்லை என்பதற்கு அவற்றைக் காலிபரேஷனுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இரும்பு எந்த ஹீட்டில், அதாவது எந்த உருக்குத் தொகுதியில், உருகி வந்தது என்பதற்கு மில் சர்டிபிகேட், அந்த நம்பர் ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் ஆகியிருக்க வேண்டும். மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் வருவார், அவர் ஃபீஸ் நம் தலையில். ஏ.பி.ஐ. க்யூ1 என்ற தரச் சான்று வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆடிட். இதில் எதுவுமே இலவசம் இல்லை. எல்லாவற்றுக்கும் இன்வாய்ஸ் எழுதுவதற்கு முன்னாலேயே காசை எடுத்து வைக்க வேண்டும். தரம் என்பது முக்கால்வாசி ரொக்கம் சார். கையில் காசு புரண்டால் தரம் தானாக வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் கேட்காதீர்கள். ஒரு கிராஸ்ஓவர் சப் ஆர்டர், வேறு வேறு மரையுள்ள இரண்டு பைப்புகளை இணைக்கும் துண்டு. முடித்தோம், இன்ஸ்பெக்ஷன் பாஸ், பொருள் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. இனி பில். அதற்கு சைட் இன்ஜினியர் வேலை முடிந்தது என்று சிஸ்டத்தில் ஒரு என்ட்ரி போட வேண்டும். அவர் ரொட்டேஷன் முடிந்து லீவில் போய்விட்டார். மாற்றாக வந்தவர், "இது என் காலத்து வேலை இல்லையே" என்று கையை விரித்தார். முதல் ஆள் திரும்பி வந்து என்ட்ரி போட்டு, நாங்கள் இன்வாய்ஸ் அனுப்பினால் அது திரும்பி வந்தது. காரணம் என்ன தெரியுமா? அவர்கள் கொடுத்த பி.ஓ.வில், அதாவது பர்ச்சேஸ் ஆர்டரில், யூனிட் "ஈ.ஏ." (ஈச்) என்று இருக்கிறதாம், நாங்கள் "நோஸ்" (நம்பர்ஸ்) என்று போட்டுவிட்டோமாம். எண்ணிக்கை ஒன்றுதான், விலை ஒன்றுதான், பொருள் பூமிக்கு அடியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் பணம் கொடுக்க அவர்களுக்கு இருக்கும் 60 நாள் கணக்கு, திருத்திய இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் மறுபடி ஆரம்பிக்கும்.

அந்த இடைவெளியில் கேஜ்களைக் காலிபரேஷனுக்கு அனுப்பக் காசில்லை. சான்றிதழ் காலாவதியானது. அப்புறம் ஆடிட் வந்தது. வந்தவர்கள் அதே கம்பெனியின் தரப்பிரிவு ஆட்கள். "காலிபரேஷன் இல்லை, பெரிய குறைபாடு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாடியில் என் பணம் கிடக்கிறது, அடுத்த மாடியில் அந்தப் பணம் இல்லாததால் வந்த குறைபாட்டுக்கு எனக்கு மார்க் குறைக்கிறார்கள். மேடையில் பேசினாரே அந்தப் பெரியவர், அவருக்குப் போகும் ரிப்போர்ட்டில் இது "உள்ளூர் சப்ளையர் தரத்துக்குத் தயாராக இல்லை" என்று ஒரு வரியாகத்தான் போயிருக்கும்.

நான் ஒரு வாரம் தாமதித்தால் அரை சதவீதம் எல்.டி., அதாவது தாமத அபராதம், பிடிப்பார்கள். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவர்கள் நாலு மாதம் தாமதித்தால்? அதற்கு ஒப்பந்தத்தில் பக்கமே இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2011-லேயே தாமதப் பட்டுவாடாவுக்கு வட்டி கட்டு என்று உத்தரவு இருக்கிறது. இந்தியாவில் 2006 சட்டம் சிறுதொழிலுக்கு அதிகபட்சம் 45 நாள் என்கிறது. சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம்தான். கேட்டால் பணம் வரும், அடுத்த வேலைக்கு விலை கேட்டு என்கொயரி வராது. இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"நார்வேயைப் பார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்ப்போமே. 1969-ல் எக்கோஃபிஸ்க் வயல் கிடைத்தபோது அவர்களுக்குக் கப்பல் கட்டத் தெரியும், எண்ணெய் எடுக்கத் தெரியாது. 1972-ல் ஸ்டாட்டாயில் என்ற அரசு எண்ணெய்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு வந்த அரசாணை, விலையிலும் தரத்திலும் டெலிவரியிலும் போட்டி போட முடிகிற இடத்தில் நார்வேப் பொருளையே வாங்கு என்றது. 1994-ல் ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்குள் போனபோது அந்தச் சலுகையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் அவர்களுடைய கப்பல் கட்டும் யார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை பார்த்துவிட்டன. இருபது வருஷ ஆர்டர்! எனக்கு மூன்று வருஷத்துக்கு ஆர்டர் தரும் ஃப்ரேம் அக்ரிமென்ட் ஒன்று கொடுங்கள், போதும். மேடைப் பேச்சாளர்கள் நார்வேக் கதையிலிருந்து "தரம்" என்ற ஒன்றை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் போட்ட நாடுகளும் உண்டு. நைஜீரியா 2010, கானா 2013, கயானா 2021. கயானா நாற்பது வகை வேலைகளைப் பட்டியல் போட்டு, இதில் இத்தனை சதவீதம் உள்ளூருக்கு என்று எழுதியே வைத்துவிட்டது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் இதையெல்லாம் கருத்தரங்கில் காட்டும்போது ஸ்லைடில் வருவது எத்தனை சதவீதம் வாங்கினோம் என்பதுதான். எத்தனை நாளில் பணம் கொடுத்தோம் என்று ஒரு ஸ்லைடை நான் பார்த்ததே இல்லை. நைஜீரியாவில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு சதவீதம் பிடித்து நிதி சேர்க்கிறார்கள், அதிலிருந்து உள்ளூர்க் கம்பெனிகளுக்குக் கடன் உண்டு. அதையும் குறை சொல்லவில்லை. ஆனால் என் பணத்தை ஒருவர் வைத்துக்கொண்டிருக்க, நான் இன்னொரு வாசலில் போய் வட்டிக்கு நிற்க வேண்டுமா?

இந்நேரம் கமெண்ட் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள், தெரியும். பாதுகாப்பு என்பீர்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினோரு பேர் செத்தார்கள். அந்த ரிக்கின் முக்கியமான கான்ட்ராக்டர்கள் எல்லாம் உலகப் பெயர் எடுத்தவர்கள், ஒரு சின்னப் பட்டறையும் அதில் இல்லை. அதற்காக, கிணறு வெடிக்காமல் அடைக்கும் ப்ளோஅவுட் பிரிவென்டரை என்னிடம் கொடு என்று நான் கேட்கவில்லை. பம்ப் ஷாஃப்ட், வால்வ் ரீகண்டிஷன், பைப் ரேக், ஹேண்ட்ரெயில், இவற்றைத்தான் கேட்கிறேன். ஹேண்ட்ரெயில் கூடக் கப்பலில் வந்து இறங்குகிறது சார்.

விலை அதிகம் என்பீர்கள். நாலு மாத வட்டியை விலையில் சேர்த்தால் அதிகமாகத்தான் இருக்கும்.

பினாமி என்பீர்கள். உள்ளூர் ஆள் பெயரில் லெட்டர்ஹெட் மட்டும் வைத்துக்கொண்டு, வெளியூர்ப் பொருளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் கூட்டம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அவர்களைப் பற்றி என்னைவிட எரிச்சல் யாருக்கு இருக்க முடியும்? அவர்களிடம் லேத் கிடையாது, கேஜ் கிடையாது, சம்பளம் போட வேண்டிய ஆள் கிடையாது. ஆனால் பில் மட்டும் மளமளவென்று பாஸ் ஆகும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், பாஸ் பண்ணுகிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் விற்ற சரக்கில் குறை வந்தால் "உள்ளூர்க்காரன் மோசம்" என்று பெயர் வாங்குவது நாங்கள்.

எண்ணெய் விலை விழுந்தால் கம்பெனி என்ன செய்யும் என்பவர்களுக்கும் ஒன்று. 2014-ல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே வந்தது. அப்போது சப்ளையர்களுக்கு வந்த கடிதம் ஞாபகம் இருக்கிறதா? "நாம் ஒரே குடும்பம், இந்தக் கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்வோம், உங்கள் ரேட்டைக் குறையுங்கள்." குறைத்தோம். விலை ஏறியபோது குடும்பத்திலிருந்து கடிதம் வரவில்லை.

பிரேசில் கதை தெரிந்தவர்கள் அதையும் இழுப்பீர்கள். செட்டே பிரேசில் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, 28 டிரில்லிங் ரிக்குகளை உள்நாட்டிலேயே கட்டுவோம் என்றார்கள். ஊழல் விசாரணை, விலைச் சரிவு, பணம் நின்றது, 2016-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு அந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. யார்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உள்ளூர் ஒதுக்கீடே தப்பு என்பதற்கு இதைக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. வெல்டிங் தெரியாமல் அந்த யார்டுகள் மூடவில்லை. மேலே பணம் நின்றது, கீழே இருந்தவன் வீட்டுக்குப் போனான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த போட்டோதான். போன தடவை கம்பெனியின் நிலைத்த வளர்ச்சி அறிக்கைக்கு எங்கள் பட்டறையைப் படம் எடுக்க வந்தார்கள். எங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்குப் புதுப் பாதுகாப்பு உடுப்பு, புது ஹெல்மெட், எல்லாம் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். அன்று இரும்பை வெட்டும் கார்பைடு இன்செர்ட் வாங்கக் காசில்லாமல் லேத் நின்றிருந்தது. "கொஞ்சம் ஓடவிடுங்கள், படத்துக்கு நன்றாக இருக்கும்" என்றார் கேமராக்காரர். அண்ணன் என்னைப் பார்த்தார். சரி என்றேன். லேத்தில் துண்டைப் பிடிக்கும் 'சக்' என்ற பகுதியை வெறுமனே சுற்றவிட்டு, வெட்டாத டூலைப் பார்த்தபடி நின்றார். அறிக்கையில் பளபளவென்று முழுப் பக்கம் வந்தது, "எங்கள் உள்ளூர்ப் பங்காளி" என்று. படம் எடுத்த பிறகு உடுப்பையும் ஹெல்மெட்டையும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த அறிக்கையில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில், உள்ளூர் சப்ளையர்களின் எத்தனை இன்வாய்ஸ் 60 நாள் தாண்டி நிற்கிறது என்று ஒரே ஒரு எண்ணைப் போடுங்கள். அதைப் போட்டுவிட்டு நீங்கள் எந்த மேடையில் தரத்தைப் பற்றிப் பேசினாலும் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

அந்தக் கம்பெனியை டேக் பண்ணுங்கள் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். ஒரு பில் இன்னும் அங்கே நிலுவையில் இருக்கிறது.