சத்தம் வராததற்குப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்

சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பாட்டிமார் பேசியதைப் பதிவு செய்து, பிள்ளைகள் ஓர் இணையப் பக்கம் செய்திருந்தார்கள். விழாவுக்கு வந்த பிரமுகரின் பழைய ஐபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் சத்தம் வரவில்லை. உடனே மைக்கில், "எஸ்டேட் பிள்ளைங்க செஞ்சா இப்படித்தான்" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தப்பு பிள்ளைகளுடையது இல்லை. பாட்டிமார் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. அது ஆக் (Ogg) என்ற வகைக் கோப்பு, உள்ளே இருப்பது ஓபஸ் (Opus) என்ற முறையில் சுருக்கிய ஒலி. ஆண்ட்ராய்டில் குரோம் உலாவி அதைப் பாடும். பழைய ஐபோனின் சஃபாரி உலாவி திறக்காது. "அதே போனில் வாட்ஸ்அப் மட்டும் பேசுதே?" என்று கேட்கிறார்கள். ஓபஸைப் பிரித்துப் படிக்கும் நிரலை வாட்ஸ்அப் தன்னோடு வைத்திருக்கிறது. இணையப் பக்கம் உலாவியைத்தான் நம்ப வேண்டும்.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. ஒலிக்கோப்பு வகைகளில் வேவ் (WAV) 1991-இல் மைக்ரோசாப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது. ஏஐஎஃப்எஃப் (AIFF) ஆப்பிளுடையது. காப்புரிமைக்குப் பயந்து ஃபெடோரா லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பல வருடம் எம்பி3-ஐச் சேர்க்காமலே வந்தது. உலகப் பெரிய கம்பெனிகள் ஒத்துப்போகாத விஷயத்துக்கு நம் பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள்.

என் அப்பாயி குரல் ஒரு பட்டன் போனில் ஏஎம்ஆர் (AMR) என்ற பழைய வகை ஒலிக்கோப்பாகக் கிடந்தது. அப்பாவைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய கதை, நடுவில் இருமல், "தண்ணி குடுய்யா" என்ற ஒரு குரல். கடைக்காரர், "ஃபைல் கெட்டுப்போச்சு, அழிச்சிடுங்க" என்றார். கெட்டுப்போகவில்லை. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் மாற்றியதும் அப்பாயி பேசினார். தெரியாதவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தக் குரல் போயே போயிருக்கும்.

"முன்னாடியே எல்லா போன்லயும் போட்டுப் பார்த்திருக்கலாமே?" சரி, பார்த்திருக்கலாம். ஆனால் எந்தப் போனில்? அந்த வீடுகளில் யாரிடம் ஐபோன் இருக்கிறது? நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்களா? ஒரு நாள் இரவலாகவாவது கொடுத்தீர்களா? பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள். கைதட்ட மனம் வராவிட்டால் பரவாயில்லை, பாட்டிமார் முன்னால் அவமானப்படுத்தியிருக்க வேண்டாம். ஒரு பிள்ளை மேடைக்குப் பின்னால் அழுதாள். நான்தான் பக்கத்தில் நின்றேன்.

அன்று இரவே எல்லாக் கோப்பையும் பழைய ஐபோனும் பாடும் எம்பி3 ஆக்கிவிட்டார்கள். ஐயா, உங்கள் போனிலேயே இப்போது திறந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திரும்பப் பெறுங்கள்.