அந்த ஒரு வருஷம் யாருக்காக?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். 2025 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி கூப்பர் ஃபிளாக்கை அதில் முதல் ஆளாக எடுத்தபோது அவருக்கு 18 வயது. 19 நிறைய இன்னும் ஆறு மாதம் பாக்கி. பள்ளிப் படிப்பை ஒரு வருஷம் முன்கூட்டியே முடித்துவிட்டு டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால்தான் அது நடந்தது. கூடப் படித்த பிள்ளைகளோடு சேர்ந்தே பள்ளியை முடித்திருந்தால் 2026 வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆட்டம் போதாது என்பதற்காக இல்லை, விதி அப்படி.

விதி என்னவென்றால், டிராஃப்ட் நடக்கும் ஆண்டு முடிவதற்குள் வீரருக்கு 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்கப் பையன் என்றால் இன்னொன்றும் உண்டு: பள்ளி முடித்து ஒரு என்.பி.ஏ. சீசனாவது கழிந்திருக்க வேண்டும். 2005-ல் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தது, 2006 டிராஃப்டிலிருந்து அமல். பையன்கள் பக்குவப்படட்டும், நாலு எழுத்து படிக்கட்டும், அவர்கள் நல்லதுக்குத்தான் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. இந்த விதியால் எல்லோருக்கும் லாபம் இருக்கிறது, அந்தப் பையன்களைத் தவிர.

கொஞ்சம் பழைய கதையைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாமல் யாரும் என்.பி.ஏ.வில் ஆட முடியாது. அதை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில் 19 வயதில் ஆடினார். அடுத்த வருஷம் என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக நடந்த ஏ.பி.ஏ. லீக்கில் டென்வர் ராக்கெட்ஸுக்குப் போய், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம், சிறந்த வீரர் என இரண்டு விருதையும் தூக்கினார். அப்படிப்பட்டவரை 1970-ல் என்.பி.ஏ.வின் சியாட்டில் அணி ஒப்பந்தம் செய்ததும், நான்கு வருஷம் ஆகவில்லையே என்று லீக் குறுக்கே நின்றது. சியாட்டில் உரிமையாளர் சாம் ஷுல்மனும் ஹேவுட்டும் கோர்ட்டுக்குப் போனார்கள். எதிரணி மைதானங்களில் ‘சட்டவிரோத வீரர் ஒருவர் களத்தில் இருக்கிறார்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என ஹேவுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது, லீக் சமரசத்துக்கு இறங்கி வந்தது.

அன்றைக்கு செல்லாமல் போன மாதிரி விதி இன்றைக்கு எப்படிச் செல்லுபடியாகிறது? அன்றைய விதி உரிமையாளர்கள் தாங்களாகவே எழுதிக்கொண்டது. 2005 விதி தொழிற்சங்கத்தோடு பேசி ஒப்பந்தத்தில் சேர்த்தது. கூட்டுப் பேரத்தில் முடிவான விஷயத்தில் தொழிலில் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு கோர்ட் பெரும்பாலும் மூக்கை நுழைக்காது. அமெரிக்கக் கால்பந்தில் மூன்று வருஷக் காத்திருப்பை எதிர்த்து மாரிஸ் கிளாரெட் போட்ட வழக்கு 2004-ல் மேல்முறையீட்டில் தோற்றது இந்தக் காரணத்தால்தான். அந்தத் தீர்ப்பை எழுதிய சோனியா சோட்டோமேயர் இப்போது உச்ச நீதிமன்ற நீதிபதி.

சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பேரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். ஒரு பக்கம் உரிமையாளர்கள். மறுபக்கம் ஏற்கனவே லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களின் சங்கம். 30 அணி, அணிக்கு 15 பேர், ஆக 450 இடம். புதிதாக ஒரு 18 வயதுப் பையன் உள்ளே வந்தால் பழைய ஆள் ஒருவர் வெளியே போக வேண்டும். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடமே, வெளியே நிற்பவர்கள் இன்னும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கேட்ட மாதிரிதான் இது. பள்ளியில் படிக்கும் பையனுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது.

அப்போது லீக்கின் தலைமை நிர்வாகியாக, அதாவது கமிஷனராக, இருந்த டேவிட் ஸ்டெர்ன் 20 வயது கேட்டார், 19-ல் முடிந்தது. அவரை ஒரு விஷயத்தில் பாராட்டலாம். இது சமூக சேவை இல்லை, எங்கள் தொழிலுக்கான விதி என்ற பொருளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பள்ளி ஆட்டத்தை வைத்து ஒருவனை எடைபோடுவது கஷ்டம். கல்லூரியில் ஒரு வருஷம் ஆடினால் அணிக்கு ரிஸ்க் குறையும். தொலைக்காட்சியில் வந்து வந்து பெயரும் பிரபலமாகிவிடும், விளம்பரச் செலவு மிச்சம். நியாயமான வியாபாரக் கணக்கு. அதற்குப் போய் ‘பிள்ளைகளின் எதிர்காலம்’ என்று பட்டுத்துணி போர்த்துவதைத்தான் சகிக்க முடியவில்லை.

பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் அவ்வளவு மோசமாகவா போனார்கள்? 1995-ல் கெவின் கார்னெட். 1996-ல் கோபி பிரையன்ட், அவருக்கு அப்போது 17, ஒப்பந்தத்தில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1997-ல் டிரேசி மெக்ரேடி, 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ், 2004-ல் டுவைட் ஹோவர்ட். எல்லோரும் பெரிய நட்சத்திரங்கள் ஆனவர்கள். எதிர்வாதம் பேசுபவர்கள் உடனே குவாமே பிரவுன் பெயரை எடுப்பார்கள். 2001-ல் முதல் ஆளாகத் தேர்வாகி, அந்த எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனவர். உண்மைதான். ஆனால் அந்த ‘தோல்வி’ ஒரு டஜன் சீசன் என்.பி.ஏ.வில் ஆடியது. எனக்கெல்லாம் அப்படியொரு தோல்வி கிடைத்திருந்தால் வீட்டில் கற்கண்டு கொடுத்திருப்பேன்.

நிஜமாகவே அடிபட்டவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். 1998-ல் தேர்வான கார்லியோன் யங் மொத்தமே மூன்று ஆட்டம்தான் ஆடினார். லென்னி குக் பள்ளி வயதில் நாட்டின் பெரிய நம்பிக்கைகளில் ஒருவர். 2002 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, என்.பி.ஏ. பக்கம் அவரால் வரவே முடியவில்லை. ஆனால் இவர்களைக் கவிழ்த்தது வயதா? டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, ஏஜென்டும் வைத்துக்கொண்ட பையன் அதன்பிறகு கல்லூரி அணியில் ஆடவே முடியாது என்பது அன்றைய விதி. தேர்வாகவில்லை என்றால் இரண்டும் கெட்டான். அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தால் லென்னி குக் திரும்பிப் போய் ஆடியிருக்கலாம். அதைத் திருத்தாமல் எல்லோருக்கும் சேர்த்து முன்வாசலைச் சாத்தினார்கள். கல்லூரிக் கூடைப்பந்தைச் சீர்திருத்த, முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் அமைந்த குழு 2018-ல் இரண்டையும்தான் சொன்னது: இந்த ஒரு வருஷ விதியை எடுங்கள், தேர்வாகாதவன் கல்லூரிக்குத் திரும்ப வழி விடுங்கள்.

அந்த ஒரு வருஷத்தின் விலை என்ன என்று கேட்டால் நான் நெர்லன்ஸ் நோயலைத்தான் சொல்வேன். 2013 டிராஃப்டில் முதல் இடத்துக்கு வருவார் என்று பரவலாகப் பேசப்பட்டவர். கெண்டக்கி பல்கலைக்கழக அணியில் அந்தக் கட்டாய வருஷத்தை ஆடிக்கொண்டிருந்தபோது பிப்ரவரியில் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆறாம் இடத்துக்கு இறங்கினார், அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. புதுமுகச் சம்பளம் எத்தனையாவது ஆளாகத் தேர்வானார் என்பதை வைத்துத்தான் தீர்மானமாகும், அதனால் ஐந்து படி இறங்கியதில் போன பணம் கொஞ்சநஞ்சமில்லை. கல்லூரி அவருக்குக் கொடுத்தது படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும். சயன் வில்லியம்சன் விஷயம் இன்னும் வேடிக்கை. 2019 பிப்ரவரியில் அவருடைய டியூக் அணிக்கும் வட கரோலினாவுக்கும் ஆட்டம், ஒபாமாவே நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார், டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிருக்கிறது. முதல் நிமிடத்திலேயே பையனின் நைக்கி ஷூ பிய்ந்து முழங்கால் சுளுக்கிக்கொண்டது. அந்த அரங்கத்தில் அன்றைக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்தவர்கள் களத்தில் ஓடிய பையன்கள்தான்.

பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. விதியால் போவது முதல் வருஷத்துச் சம்பளம் என்றுதான் நினைப்போம். முதல் சுற்றில் தேர்வானவரின் புதுமுக ஒப்பந்தம் நான்கு வருஷம், சம்பளம் ஓரளவு கட்டிப்போட்டது. பெரிய பணம் அதற்குப் பிறகுதான். ஒரு வருஷம் தாமதமாக உள்ளே வந்தால் அந்தப் பெரிய ஒப்பந்தமும் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. உடம்பு காத்திருக்காது. ஆக, இழப்பது ஆட்ட வாழ்க்கையின் உச்சத்தில் சம்பாதிக்கக்கூடிய ஒரு வருஷத்தை.

இதே உலகத்தில் லூகா டான்சிச் 16 வயதில் ரியல் மாட்ரிட்டின் பெரிய அணியில் சம்பளத்துக்கு ஆடினார், 19 வயதில் யூரோலீக்கின் சிறந்த வீரர். ரிக்கி ரூபியோ ஸ்பெயின் லீக்கில் இறங்கியபோது அவருக்கு 14. ஐரோப்பியப் பையன் கிளப்பில் வளர்கிறான், அவனுடைய பக்குவத்தைப் பற்றி யாரும் பெருமூச்சு விடுவதில்லை. அமெரிக்காவிலேயே பேஸ்பாலில் பள்ளி முடித்ததும் போகலாம், டென்னிஸ், ஐஸ் ஹாக்கியிலும் 18 வயதுக்காரர்கள் தொழிலுக்கு வருகிறார்கள். கூடைப்பந்துக்கு ஏன் இந்த அக்கறை? இங்கே நிறம் ஒரு காரணமா என்று 2005-லேயே ஜெர்மைன் ஓ’நீல் பகிரங்கமாகக் கேட்டார். அவரும் பள்ளியிலிருந்து நேராக வந்தவர். அவரைப் பலர் திட்டினார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வந்து நான் பார்க்கவில்லை.

பெண்கள் லீக்கில் நிலைமை இன்னும் இறுக்கம். கெய்ட்லின் கிளார்க் 2024-ல் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு வந்தபோது அமெரிக்க வீராங்கனைக்கு அந்த ஆண்டில் 22 வயது ஆக வேண்டும், அல்லது நான்கு வருஷக் கல்லூரி முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெண்ணுக்கு 20 போதும். கிளார்க்கின் முதல் வருஷச் சம்பளம் சுமார் 76,500 டாலர். நான்கு வருஷம் அரங்கத்தை நிரப்பிவிட்டு வந்து வாங்கியது அவ்வளவுதான். இது தனிப்பதிவாகவே எழுத வேண்டிய கோபம்.

சரி, இப்போது காலம் மாறிவிட்டதே, கல்லூரியிலேயே காசு கிடைக்கிறதே என்பீர்கள். ஆமாம். 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் ஒப்புதல் கிடைத்த ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். என்.பி.ஏ. 2020-ல் பள்ளி முடித்த பையன்களுக்கென்று ஆரம்பித்த இக்னைட் அணி 2024-ல் மூடப்பட்டதும் இதனால்தான். கல்லூரி இவ்வளவு கொடுக்கும்போது அங்கே எதற்குப் போவார்கள்? நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கோர்ட்டு வழக்குகளும் சில மாநிலங்களின் சட்டங்களும் கட்டாயப்படுத்தி வாங்கின. இந்த விதியை எழுதியவர்கள் யாரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை.

என்னைக் கேட்டால் பேஸ்பால் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பள்ளி முடித்ததும் போக விரும்புகிறவன் போகட்டும். கல்லூரியில் சேர்ந்தால் இரண்டு மூன்று வருஷம் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரிக்கும் உருப்படியாக ஒரு அணி கிடைக்கும். தேர்வாகாதவன் திரும்பி வரலாம். 18 வயதில் எடுக்கும் அணி அவனுடைய படிப்புச் செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்கட்டும், காயத்துக்குக் காப்பீடும் எடுக்கட்டும்.

நடக்குமா? 2023-ல் புது ஒப்பந்தம் பேசியபோது வயதை 18 ஆக்குவது பேச்சில் இருந்தது, கடைசியில் விட்டுவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் 2029-30 வரை ஓடும், ஒரு வருஷம் முன்னதாக விலகிக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை உண்டு. அப்போதும் உரிமையாளர்களுக்கு ஆளை எடைபோட ஒரு வருஷம் வேண்டும், மூத்த வீரர்களுக்குத் தங்கள் இடம் வேண்டும், காசைக் கொட்டிய கல்லூரிகளுக்கு நட்சத்திரங்கள் வேண்டும். விதி போக வேண்டும் என்று நிஜமாக விரும்பப்போகிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பையன்கள்தான், அவர்களில் சிலர் இப்போது ஏழாவது எட்டாவது படித்துக்கொண்டிருப்பார்கள்.