இணையம் வர இணையம் வேண்டும்

லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். ஒலி, டச்பேட் எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. பட்டியலில் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. ரவுட்டரைச் சந்தேகப்பட்டே ஒரு மணி நேரம் போனது. அப்புறம் 'டிமெசேஜ்' (dmesg) என்ற கணினிப் பதிவைப் பார்த்தால், வைஃபை கார்டு இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2. அதாவது, அந்தக் கோப்பே வட்டில் இல்லை!

அதை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அது வேண்டும். லேப்டாப்பில் ஈதர்நெட் போர்ட்டும் கிடையாது. கடைசியில் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் போட்டு, அதாவது போனின் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர்ந்துதான் ஃபர்ம்வேர் தொகுப்பை இறக்கினேன். மறுதொடக்கம் செய்ததும் வைஃபை வந்துவிட்டது.

நிறுவும்போதே "இந்தக் கார்டுக்கு ஃபர்ம்வேர் இல்லை" என்று ஒரு வரி காட்டக்கூடாதா? முதல்முறை லினக்ஸுக்கு வருபவர் இந்த இடத்திலேயே வெறுத்துத் திரும்பிவிடுவாரே!