பாட்டியின் பையை இறக்கிவைத்த விமானி

2020 ஜூலை 26. பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு வெளியே பாப்பா லியா லியா என்ற இடம். அங்கே ஒதுக்குப்புறமான ஓடுதளம் ஒன்றிலிருந்து கிளம்பிய செஸ்னா 402 விமானம் மேலே ஏற முடியாமல் விழுந்தது. உயிர் பிழைத்த விமானி இரண்டே நாளில் சரணடைந்தார். பிறகு 500 கிலோவுக்கு மேல் கொகெய்ன் சிக்கியது. விமானம் எழும்பாததற்கு அந்த எடை காரணமாக இருந்திருக்கலாம் என்றது ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ்.

பேராசை பெருநஷ்டம் என்று சொல்லி எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். என்னால் முடியவில்லை. அந்த நாட்டின் மலைப் பகுதியில் இரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். மண் ஓடுதளத்தில் எடை என்றால் என்ன என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் இருந்த ஊரில் ஊர்க்காரர்களே புல் வெட்டிப் பராமரிக்கும் சரிவான ஓடுதளம். விமானம் வந்தால் முதலில் பன்றிகளை விரட்டுவார்கள். அப்புறம் எடை மெஷின். பையோடு ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். ஒரு நாள் ஒரு பாட்டி, நெற்றியில் மாட்டிய இரண்டு பிலும் (கையால் பின்னிய பை) நிறைய சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு ஏறினார். டவுனில் படிக்கும் பேரனுக்குக் கொண்டுபோகிறார். விமானி எண்ணைப் பார்த்தார், நோட்டில் கூட்டினார், ஒரு பையை இறக்கச் சொன்னார். பாட்டி அழுதார். ஊரே விமானியைத் திட்டியது. நானும்தான் மனசுக்குள் திட்டினேன்.

அவர் போட்ட கணக்கு பின்னாடிதான் எனக்குப் புரிந்தது. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சின்ன விமானங்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு இது: எடை 10 சதவீதம் கூடினால் மேலெழும்பத் தேவைப்படும் தூரம் 20 சதவீதம் கூடும். வெயில் 10 டிகிரி ஏறினால் இன்னொரு 10. ஈரப் புல் என்றால் 30. இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால், 600 மீட்டரில் எழும்ப வேண்டிய விமானத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் தேவைப்படும். ஓடுதளமோ அதற்குள் முடிந்துவிடும். அதற்கப்பால் மரம், இல்லாவிட்டால் பள்ளத்தாக்கு.

தார் போட்ட ஓடுதளமும் இதற்கு விலக்கில்லை. 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் அமெரிக்கப் பாடகி ஆலியா ஏறியதும் இதே செஸ்னா 402 வகைதான். அனுமதித்த எடையைவிட 300 கிலோவுக்கு மேல் அதிகம். ஏறியதுமே விழுந்தது. 9 பேரும் இறந்தார்கள். ஆலியாவுக்கு 22 வயது.

இப்படி ஒரு விபத்து நடந்தால், 'இந்த மாதிரி ஓடுதளங்களை எல்லாம் மூடுங்கள்' என்று உடனே ஒரு குரல் வரும். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வருகிறது. சாலையே இல்லாத மலைக் கிராமத்துக்கு அந்த மண் பாதைதான் ஆம்புலன்ஸ், அதுதான் மருந்துக் கடை. பிரசவம் சிக்கலானால் வேறு வழி என்ன? மூடுவதற்குப் பதில் புல் வெட்டக் காசு கொடுங்கள், வடிகால் வெட்டுங்கள், ஒழுங்கான எடை மெஷின் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இவ்வளவுதான் ஏற்றுவேன்' என்று சொல்லும் விமானியின் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாப்பா லியா லியாவில் அப்படி மறுத்துச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் போயிருக்கிறது.

பாட்டி விட்டுப்போன அந்தப் பை ஓடுதளத்து ஓரத்தில் மூன்று நாள் இருந்தது. யாரும் தொடவில்லை. அடுத்த விமானத்தில் அதே விமானி வந்தார். மெஷினில் முதலில் அந்தப் பையை வைத்தார்.