பெட்ரோல் மட்டும் கெட்டுப்போகாதா?

செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து உலகமே நின்றுபோகும் கதை 'தி வாக்கிங் டெட்' அமெரிக்க டிவி தொடர். அதில் லாஜிக்கின் பெரிய ஓட்டை துப்பாக்கிக் குண்டு தீராததுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இல்லைங்க, பெட்ரோல்தான். குண்டு காய்ந்த இடத்தில் இருந்தால் பல வருஷம் தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் சில மாதத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். முதலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும்; ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்து, அளவு மிஞ்சியதும் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான்! மிச்சம் பிசினாகி, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைக்கும். இதெல்லாம் ஆகும் முன்பே நின்ற காரின் பேட்டரி செத்திருக்கும். டீசல் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் தண்ணீர் சேர்ந்தால் அதிலும் பாசி மாதிரி வளர்ந்து ஃபில்டர் அடைபடும். 9-வது சீசனில் குதிரை வண்டிக்கு மாறினார்களே, அது ரொம்ப லேட்.

சரியாகச் செய்ததையும் சொல்லணும். 2010-இல் வந்த முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் நாயகன் ரிக்கும் கூட்டாளி க்ளென்னும், மனித வாடை ஜாம்பிகளுக்குத் தெரியாமல் இருக்க ஒரு பிணத்தின் குடலைக் கோட்டின்மேல் பூசிக்கொண்டு அட்லாண்டா தெருவில் நடப்பார்களே, அதற்கு முன் ரிக் அந்தப் பிணத்தின் பர்ஸை எடுத்து அடையாள அட்டையைப் படிப்பார். நடுவழியில் மழை வந்து பிண வாடையைக் கழுவிவிடும். விதி என்ன, அது எங்கே உடையும் என்று இரண்டையும் ஒரே காட்சியில் காட்டிவிட்டார்கள். அப்புறம் வந்த சீசன்களில் இந்த உத்தியையே வசதிப்பட்டபோது மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டதுதான் கடுப்பு.