மேளச் சமா கசற்றுகளைக் குப்பையில போட்டுடாதேங்கோ

ரெக்கோடிங் வளந்த கதை சொல்லுற ஆக்கள் 1877 இல எடிசன்ர போனோகிராபில தொடங்கி இப்பத்தைய ஸ்பொட்டிபையில வந்து நிப்பினம், நடுவில கசற்றை ஒரு வரியில தாண்டிப் போயிடுவினம். எனக்கு அது சரியாப் படேல்ல. எங்கட நாதஸ்வர தவில் வாசிப்பைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் கசற்தான்.

நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய இசைத்தட்டில பக்கத்துக்கு மூண்டு நாலு நிமிசம்தான் பிடிக்கும், அதுக்குள்ள ராகத்தின்ர முகத்தைக் காட்டலாம், விரிச்சு வாசிக்கேலாது, தவில்காரர் மாறி மாறி நீளமா வாசிக்கிற சமாவை நினைச்சும் பாக்கேலாது. 1948 இல வந்த எல்பி எண்ட நீள இசைத்தட்டில நேரம் கூடினதுதான், ஆனா கொம்பனிக்காரன் மனம் வைச்சாத்தான் தட்டு. 1963 இல பிலிப்ஸ் கசற்றை விட்டுது, பிறகு அது ஊருக்கூர் பரவ, சி-90 எண்ட 90 நிமிசக் கசற் ஒண்டைப் போட்டுக் கோயில் வீதியில இருந்து பட்டினை அமத்தினா பக்கத்துக்கு 45 நிமிசம். எதைப் பதியிறது எண்டதைக் கேக்கிற சனமே தீர்மானிச்சது அப்பதான். 90களில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத நேரத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட ஊர் இது. தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975 இலயே போயிட்டார், அவரை நேரில கேக்காத எங்களுக்குப் பதிவுகளை விட்டா வேற என்ன இருக்கு?

இப்ப ஸ்டூடியோவில நாதஸ்வரத்தை ஒரு நாள், தவிலை இன்னொரு நாள் தனித்தனி ட்ராக்கில எடுக்கினம். சத்தம் சுத்தமாத்தான் இருக்கு, ஆனா ஒராள் வாசிக்கிறதைக் கேட்டு மற்றாள் அந்த இடத்திலயே மறுமொழி குடுக்கிற அந்த உயிர் அதில இல்லை. கோயில் கசற்றில இரைச்சலுக்குள்ளயும் அது கேக்கும்.

அந்தக் கசற்றுகள்தான் இப்ப அலுமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. பிளாஸ்டிக் நாடாவில ஒட்டின காந்தத் தூள்தானே, எங்கட வெக்கையும் ஈரமும் அதைச் சும்மா விடாது. தயவுசெய்து ஸ்பீக்கருக்கு முன்னால போனைப் பிடிச்சுப் பதியாதேங்கோ. நல்ல கசற் டெக் ஒண்டு தேடி, நாடாவை வாசிக்கிற ஹெட்டைத் துடைச்சு, லைன் அவுட் எண்ட துவாரத்தில வயர் குடுத்துக் கொம்பியூட்டருக்கு எடுங்கோ. ஹெட்டின்ர சரிவு பிழைச்சாக் கீச்சுச் சத்தமெல்லாம் மங்கிப் போகும், அதையும் தெரிஞ்ச ஆளைக் கொண்டு பாருங்கோ. முதல்ப் பிரதி சுருக்காத 24 பிட் வேவ் (WAV) ஃபைலா இருக்கட்டும். சின்ன எம்பி3 ஆ மட்டும் வைச்சா தவிலின்ர வலப்பக்கமான வலந்தலையில, விரலில போடுற விரல்கூடு விழுற அந்தக் கூரான அடி மழுங்கிப் போகும். வட்சப்பில அனுப்ப வேணுமெண்டா அந்த வேவ் ஃபைலில இருந்து எம்பி3 எடுக்கலாம். நூலகம் நிறுவனம் மாதிரி ஆவணப்படுத்திற இடத்துக்கும் ஒரு பிரதி குடுங்கோ.

கசற் மட்டையில எந்தக் கோயில், எத்தினையாம் திருவிழா, ஆற்ற மேளம் எண்டு எழுதியிருந்தா அதையும் படமெடுத்து ஃபைலோட வையுங்கோ. எழுதேல்லை எண்டா, கேட்டவுடன வாசிச்ச ஆளைச் சொல்லக்கூடிய பெரியாக்கள் இன்னும் இருக்கினம், இந்தத் திருவிழாக் காலத்துக்குள்ளயே போட்டுக் காட்டிக் கேட்டு எழுதுங்கோ.